மைக் கொஞ்சம் தள்ளி

கே.பி. சுந்தராம்பாள் காதலியாக நடித்த சினிமா ஒன்றுகூடக் கிடையாது. முதல் படம் 1935இல் வந்தது. கடைசிப் படங்கள் எழுபதுகளில். அத்தனை வருஷத்திலும் எந்தக் கதாநாயகனோடும் அவர் டூயட் பாடவில்லை. இளமை, ஜோடி, பிரிவு, கடைசியில் கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலில் இப்படி ஒருவர் எப்படி உச்சத்தில் இருந்தார் என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே மீசை நரைத்த பிறகுதான். சின்ன வயதில் அது கேள்வியாகவே தோன்றவில்லை. எங்களுக்கு அவர் நடிகை இல்லை. விடிகாலையில் தென்னை மரத்திலிருந்து வரும் சத்தம்.

எங்கள் ஊர் கொடுமுடிக்கும் கரூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி. அம்மாவின் தம்பி அங்கே ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சீர், கோவில் நோம்பி எதுவானாலும் மாமனின் ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் மாட்டு வண்டியில் போகும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் தொற்றிக்கொள்வேன். எனக்குக் கொடுத்திருந்த வேலை ஊசி மாற்றுவது. அரக்குத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். எடுத்துத் திருப்பிப் போட வேண்டும், அடுத்த தட்டுக்கு உறை பிரிக்க வேண்டும், ஊசி தேய்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கை தவறி ஒரு தட்டு விழுந்தால் தீர்ந்தது. மாமன் அடிக்க மாட்டார், ஆனால் ரெண்டு நாள் பேச மாட்டார்.

மார்கழியில் விநாயகர் கோவில் தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் பொங்கல் வரைக்கும் இறக்குவதில்லை. முதலில் சீர்காழி. அப்புறம் கேபிஎஸ். அந்தத் தட்டை எடுக்கும்போதெல்லாம் மாமன் வால்யூம் திருகியைக் கொஞ்சம் பின்னால் திருப்பச் சொல்வார்.

“அந்தம்மாளுக்குச் சத்தத்தைக் கொறச்சு வையி மாப்ளே. இல்லைன்னா கொழா அலறிப்போடும்.”

அது உண்மை. நான் சோதித்தே பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பாட்டுக்கு எங்கே வைத்தோமோ அங்கேயே வைத்துவிட்டு அவர் தட்டைப் போட்டால் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் குழாய் கிழிந்துபோகிற மாதிரி ஒரு இரைச்சல் வரும். தட்டிலேயே சத்தம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏன் என்று மாமனுக்குத் தெரியாது. தெரிந்தது அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்குத்தான், அவளுக்கு மைக் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது என்றாலும்.

அம்முச்சி பிறந்தது கொடுமுடிக்குப் பக்கம். சுந்தராம்பாளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். நாடகம் பார்த்த கதையை எத்தனை தரம் கேட்டாலும் சொல்வாள்.

“பாத்தமா? யாரு பாத்தா? ஆம்பளைங்க டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. நாங்க பொம்பளைங்க வண்டியிலயே உக்காந்து கேட்டோம் கண்ணு.”

கரூரில் ஸ்பெஷல் நாடகம் என்றால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போவார்களாம். ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடிகிற வரைக்கும் நடக்கும். மாட்டை அவிழ்த்துக் கட்டி, வைக்கோலைப் போட்டுவிட்டு, கொட்டகைக்கு வெளியே வண்டிக்குள்ளேயே பெண்களும் பிள்ளைகளும் கிடப்பார்கள். ராஜபார்ட் பாடுவது வெளியே கேட்கும். ஸ்திரீபார்ட் பாடுவது கேட்டும் கேட்காததுமாக இருக்கும். சுந்தராம்பாள் வந்த ராத்திரி மட்டும் ஒரு சொல் பிசகாமல் கடைசி வண்டி வரைக்கும் வந்தது என்பாள் அம்முச்சி. இத்தனைக்கும் மூஞ்சியைப் பார்த்ததில்லை.

ஸ்பெஷல் நாடகத்தின் லட்சணம் அப்படி. கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் தங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒத்திகை பார்த்துவிட்டு மேடை ஏறுவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. வெவ்வேறு ஊரிலிருந்து பெயர் பெற்ற நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று சாயங்காலம்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ராத்திரி மேடையில் மோதுவார்கள். ஒருவர் ஒரு ராகத்தை எடுத்தால் மற்றவர் அதைவிட மேலே போய் நிற்க வேண்டும். கால் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி ஏற்றிவிடுவார். ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடியே ஆக வேண்டும். காஸ் லைட்டின் இரைச்சல், கைக்குழந்தை அழுகை, முறுக்கு விற்கிறவன் கூச்சல் எல்லாவற்றையும் தாண்டி சொல் போய்ச் சேர வேண்டும் என்றால் கீழே நின்று பாடிப் பயனில்லை. அதனால்தான் அந்தக் கால நாடகக்காரர்கள் அத்தனை பேரும் உயர்ந்த சுருதியில் நின்றார்கள். அதில் நிற்க முடியாதவர்கள் பபூன் வேஷத்துக்கும் மந்திரி வேஷத்துக்கும் இறங்கிவிட வேண்டியதுதான்.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். பெயருக்கு முன்னால் இருக்கும் கே ஊர்; பி அம்மா பாலாம்பாள். கஞ்சிக்கு வழியில்லாமல் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஈரோடு பாசஞ்சர் கொடுமுடியில் நிற்கும்போது, இந்தப் பெட்டியில்தான் பாடியிருப்பார் என்று யாராவது ஒரு பெரிசு ஆரம்பித்துவிடும், அது நேற்றைக்கு வந்து சேர்ந்த பெட்டியாக இருந்தாலும். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் பத்து வயதை ஒட்டிய குழந்தை. பால பார்ட், அப்புறம் ஸ்திரீபார்ட், அப்புறம் ஆண் வேஷம் போடும் ராஜபார்ட் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

இருபது வயதுக்குள் இலங்கைக்கு நாடகமாடப் போனார். செங்கோட்டை கிட்டப்பாவும் அங்கே வந்தார். கிட்டப்பாவின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுருதியில் அவரோடு மேடை ஏற ஆண்களே பயந்த காலம். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் எதிரில் நிற்பவர் பாடு திண்டாட்டம். அவரோடு வள்ளி திருமணத்தில் இந்தக் கொடுமுடிப் பெண் ஈடுகொடுத்துப் பாடினார். ஜோடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். அப்புறம் நடந்தது சந்தோஷமான கதை இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை, குடும்பத்துக்குள் பிணக்கு, பிரிந்து பிரிந்து சேர்ந்தார்கள். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சில் வந்தன. படித்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் மேடையின் கம்பீரம் எதுவும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து கெஞ்சுகிறாள், கோபித்துக்கொள்கிறாள், மறுபடி கெஞ்சுகிறாள். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். இருபத்தேழு வயது. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

வெள்ளைச் சேலை கட்டினார். நகையைக் கழற்றினார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். ஊர் இதைத் தெய்வீகக் காதல் என்று கொண்டாடியது. எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. இருபத்தைந்து வயதில் தாலி இழந்த பெண்களை அந்தக் காலத்து வீடுகள் வைத்திருந்த வைப்பை என் சொந்தக்காரர்களிடையே பார்த்திருக்கிறேன். அவர்களையெல்லாம் யாரும் தெய்வீகம் என்று சொல்லவில்லை. சுந்தராம்பாள் அந்த வெள்ளைச் சேலையோடு அடுப்படியில் முடங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊர் கொடுத்த கோலத்தை வாங்கிக்கொண்டார். அதோடேயே மேடையிலும், கட்சிக் கூட்டத்திலும், சினிமாவிலும் வந்து நின்றார்.

சினிமா பேச ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடு இன்னும் வரவில்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கும் படத்தில் விழாத தூரத்தில் இருக்கும். அந்த மைக்குக்கு எட்டுகிற தொண்டை நாடகக்காரர்களிடம்தான் இருந்தது. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அங்கிருந்து வந்தவர்கள். அசன்தாஸ் என்ற வடக்கத்தித் தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமெடுக்கச் சுந்தராம்பாளைத் தேடி வந்தார். ஆளைத் தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம் இவர். மூன்று நாலாயிரத்தில் படத்துக்கு நடிகர்கள் கிடைத்த காலம். அசன்தாஸ் சரி என்றுவிட்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது.

நந்தனார் ஆண். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஆண் வேஷம் போட்டுக்கொண்டால் ஜோடிப் பிரச்சினையே இல்லையே! சங்கீதத்துக்குக் குறைவில்லை, படத்துக்கு எல்லாமே குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. ஆனந்த விகடனில் கல்கி போட்டுத் தாளித்தார். பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக அவர் எழுதிய கேலி இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசன் பிற்பாடு தாமே ஒரு நந்தனாரை எடுத்தார், 1942இல், தண்டபாணி தேசிகரை வைத்து. அதே வாசன் 1953இல் வெளிவந்த ஔவையாருக்காகச் சுந்தராம்பாளிடம் வந்து நின்றார். இடையில் 1940இல் மணிமேகலை. அதுவும் துறவி.

கட்சிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அது ஏற்கெனவே புராணமாகிவிட்டது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இழுத்துக்கொண்டு போனார். காங்கிரஸ் கூட்டம் சேர வேண்டுமா, கேபிஎஸ் பாட்டு வை என்றார்கள். அவர் பாடி முடித்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் தலைவர்கள் அவரைக் கடைசியில் பாடவிட்டார்கள் என்பது அப்பாரு சொன்னது. காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தார், இவர் தங்கத் தட்டில் பரிமாறினார், சாப்பாடு மட்டும்தானா தங்கம் கிடையாதா என்று காந்தி கேட்டார் என்ற கதை கொடுமுடியில் டீக்கடைக்காரரும் சொல்வார். 1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். சினிமாக்காரர்கள் சட்டசபைக்குப் போவது பின்னால் தமிழ்நாட்டுக்கு அன்றாட நடப்பாகிவிட்டது. அந்த வாசலில் முதலில் கால் வைத்தவர் இந்த வெள்ளைச் சேலைக்காரி என்பது ஏனோ மேடைகளில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஔவையாருக்கு வருகிறேன். அம்முச்சி அவரை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அந்தப் படத்தில்தான். கரூருக்குப் போய், டிக்கெட் வாங்கி, உள்ளே உட்கார்ந்து. வாழ்நாளில் பாதி கேட்டுக்கொண்டே இருந்த குரலுக்கு ஒரு முகம் கிடைக்கப்போகிறது. திரையில் வந்தது கூன் போட்ட கிழவி.

“என் வயசுக்காரி. அன்னைக்கு வண்டியில உக்காந்து எப்படியெல்லாம் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். போயிப் பாத்தா, தலை நரைச்சு, தடி ஊனிக்கிட்டு வர்றா. எனக்குச் சங்கடமாப் போச்சு.”

ஆனாலும் படத்தை மறுபடியும் போய்ப் பார்த்தாள். தமிழ்நாடே பார்த்தது. வாசன் படம் ஆயிற்றே. யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும், ஜனங்கள் வாய் பிளப்பார்கள். எனக்கு, படம் என்ற அளவில், ஔவையார் அலுப்புத்தான். ஒரு சம்பவம், ஒரு பாட்டு, ஒரு அற்புதம்; அடுத்த சம்பவம், அடுத்த பாட்டு. ராஜாஜிக்கும் பிடிக்கவில்லை. டி.கே. ஷண்முகம் மேடையில் போட்ட ஔவையார் எவ்வளவோ மேல் என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஷண்முகம் அந்த வேஷத்தால் ஔவை ஷண்முகம் ஆனவர். இதில் ஒரு வேடிக்கை. மேடையில் ஔவை ஆண். சினிமாவில் நந்தனார் பெண். தமிழ் ஜனங்கள் இரண்டையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பாட்டு சரியாக இருந்தால் வேஷத்துக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று அந்தத் தலைமுறை கேட்கவில்லை.

அலுப்பு என்று சொன்னேன். முதல் பகுதி மட்டும் அப்படியில்லை. இளம்பெண் ஔவைக்குக் கல்யாணம் நிச்சயம் செய்கிறார்கள். அவள் பிள்ளையாரிடம் போய் இந்த இளமை வேண்டாம், முதுமையைக் கொடு என்று அழுகிறாள். குசலகுமாரி அழுதுகொண்டே போய் விழுகிறார், எழுந்திருப்பது சுந்தராம்பாள். வாலிப வயதில் பார்த்தபோது அது ஒரு தந்திரக் காட்சியாகத்தான் தெரிந்தது. இப்போது பார்க்கும்போது கூனும் நரையும் மேக்கப் என்பது மறந்துபோகிறது. 1933 டிசம்பரில் தனக்கு நேர்ந்ததை அவர் யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை; கதையே அதைச் செய்துவிட்டது.

அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் சினிமாப் பக்கம் வரவில்லை. 1964இல் பூம்புகார். கருணாநிதி வசனம், மேகலா பிக்சர்ஸ். கவுந்தி அடிகள் வேஷத்துக்கு இவரைக் கேட்டார்கள். இவர் முருக பக்தை. கவுந்தி சமணத் துறவி. கேட்டவர்களோ நாத்திகம் பேசியவர்களின் கட்சி. இவர் பழைய காங்கிரஸ். தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். விபூதி இல்லாத அந்த நெற்றியைப் பார்த்து அம்முச்சி முணுமுணுத்தாள். எனக்கோ அவர் நடிப்பில் அதுதான் முதலிடம். பாட்டு இல்லாத இடங்களிலும் அதில் அவர் இருக்கிறார். கண்ணகியைப் பார்க்கிற பார்வையில் ஒரு தாயின் கவலை தெரியும்; உபதேசம் செய்ய வாய்ப்பு வருகிற இடத்தில்கூட அவசரப்படமாட்டார்.

அடுத்த வருஷம் திருவிளையாடல். எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு அது வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தரை டிக்கெட்டில் மணலைக் கூட்டி மேடு செய்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாம்பழச் சண்டை. முருகன் கோபித்துக்கொண்டு மலைக்குப் போகிறான். சமாதானம் சொல்ல ஔவை வருகிறாள். திரையில் வெள்ளைச் சேலை தெரிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்திக்கு அருள் வந்துவிட்டது. கற்பூரம் கொளுத்தினார்கள். கீற்றுக் கொட்டகை! கொட்டகைக்காரர் பதறிப்போய் மண் வாளியோடு ஓடிவந்தார். இதெல்லாம் சிவாஜிக்கு நடக்கவில்லை. நக்கீரனோடு அவர் வாதாடியபோது விசில் பறந்தது, ரசித்தார்கள். கும்பிட்டது இவரை மட்டும்தான். மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை, துணைவன் என்று அடுத்தடுத்து வந்தன. கந்தன் கருணையின் இசைக்கு கே.வி. மகாதேவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. துணைவனில் பாடியதற்கு இவருக்கு 1969க்கான பின்னணிப் பாடகி விருது. தந்தியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாமன் குழம்பிப்போனார். வேறு யாருக்காவது குரல் கொடுத்தாரா என்று கேட்டார். இல்லை, தனக்குத்தான். முகம் ஒருவர் குரல் ஒருவர் என்று சினிமா எப்போதோ மாறிவிட்டிருந்தது; விருதுகளும் அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. தன் முகத்தோடு தானே பாடுகிறவருக்குத் தனி வரிசை இல்லை. மறு வருஷம் பத்மஸ்ரீ.

கொடுமுடியில் அவர் ஒரு சினிமாத் தியேட்டரும் கட்டினார். அங்கே நான் பார்த்தவையெல்லாம் டூயட் படங்கள்.

நேரில் பார்த்தது எழுபதுகளின் நடுவில். எங்கள் பக்கத்து முருகன் கோவிலில் நோம்பி. கச்சேரிக்குச் சுந்தராம்பாள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மைக் செட் மாமனுடையது. ஒரு வாரத்துக்கு முன்பே மாமனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒயர் ஒயராகச் சோதித்தார். குழாய்களைத் துடைத்தார். அன்று மத்தியானமே மேடையில் மைக் ஸ்டாண்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தார், ஏறிப் போய்க் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார், மறுபடி இறங்கிப் பார்த்தார், மறுபடி நகர்த்தினார். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, “என்னங்க இது, எட்டவே எட்டாதாட்ட இருக்குதே?” என்று கேட்டார். மாமன் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்தார். நான் நினைத்திருந்ததைவிட உருவம் பெரிது. முழங்கை வரை கை வைத்த வெள்ளை ரவிக்கை, மூன்று பட்டையாக விபூதி. அறுபதைத் தாண்டியிருந்த வயது நடையில் தெரிந்தது. மேடையில் உட்கார்ந்ததும் ஸ்டாண்டை ஒரு பார்வை பார்த்தார், நகர்த்தச் சொல்லவில்லை. மாமன் அன்றைக்கு விட்ட மூச்சு எனக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கேட்டது.

பாட்டைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கீழ் ஸ்தாயியில் குரல் காய்ந்துபோயிருந்தது. நடுவில் கரகரப்பு. மெதுவாக நின்று இழைக்க வேண்டிய இடங்களில் அவர் நிற்கவில்லை, சீக்கிரம் கடந்துவிட்டார். மேலே போனதும் எல்லாம் மாறிற்று. அங்கே கரகரப்பும் இல்லை, வயதும் இல்லை. தொண்டையின் மற்ற இடங்களையெல்லாம் காலம் எடுத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்த மாதிரி. எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் மேலே போவதற்கு அவர் வழி பார்த்துக்கொண்டே இருந்தார், போனதும் அங்கேயே தங்கிவிட்டார். சபாக்களில் சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் இதைக் குறை என்றுதான் சொல்வார்கள். இந்தக் குரல் பழகியது சபாவில் அல்ல. சொல் சுத்தம் மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது. தமிழின் ஒவ்வொரு றகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் அடித்து உட்கார்ந்தன. பல்லவி எங்கே, அனுபல்லவி எங்கே என்று தெரியாத எங்கள் ஜனங்கள் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டார்கள். துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போய்க்கொண்டே இருந்தன; முக்கால்வாசி மாம்பழப் பாட்டைக் கேட்டு. நடுவில் கரண்ட் போயிருந்தால் இந்த இடத்தில் நல்ல கதையாகச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அம்முச்சியையும் அன்றைக்குக் கூட்டிப் போயிருந்தோம். முன்னால் உட்கார வைக்கிறேன் என்றேன், வேண்டாமென்றுவிட்டாள். வண்டிகள் நிற்கிற பக்கமாகப் போய், அங்கே புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குள் வண்டிகள் குறைந்து டிராக்டர்கள் வந்துவிட்டிருந்தன.

1973இல் வந்த காரைக்கால் அம்மையார் ஏ.பி. நாகராஜன் எடுத்தது. இளமைக்கு லட்சுமி, உடம்பின் அழகை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய பிறகு சுந்தராம்பாள். ஔவைக்கு நடந்ததே மறுபடியும். தமிழில் இளமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடப் போன பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் அவர் வரிசையாக நடித்துத் தீர்த்துவிட்டார் என்று தோன்றும். அவருக்கேற்ற கதையைச் சினிமாக்காரர்கள் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. சங்கத்திலும் காப்பியத்திலும் பெரியபுராணத்திலும் அவை ஏற்கெனவே இருந்தன. ஆனால் ஜோடி இல்லாமல் நடிக்கிறேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றிராவிட்டால், அந்தக் கிழவிகளைக் கதையின் நடுவில் நிறுத்திப் படமெடுக்க எந்த முதலாளியும் துணிந்திருக்க மாட்டார். பக்திப் படங்கள் பின்னாலும் வந்தன. நரைத்த சவுரியை யாராவது ஒரு நடிகைக்கு வைத்து, வேறு யாரோ பாடினார்கள்.

1980இல் அவர் காலமானார். அதற்குள் மாமனின் தொழிலும் மாறிவிட்டது. தட்டுகளை மூட்டையாகக் கட்டி அட்டத்தில் போட்டுவிட்டுக் கேசட்டுக்கு வந்திருந்தார். அந்தக் கேசட் காலத்தில்தான் எனக்குக் கிட்டப்பா கிடைத்தார். பழைய தட்டுகளிலிருந்து பதிவு செய்தது. முறுக்குப் பிழிகிற சத்தம் போலப் பின்னால் இரைந்துகொண்டே இருக்கும். முதல் பாட்டின் முதல் பிருகாவிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுந்தராம்பாளிடம் நான் கேட்டிருந்த அத்தனை பாய்ச்சலும் அங்கே இருந்தது, இன்னும் வேகமாக, இன்னும் எளிதாக. சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. அசையும் படமாக அவரைப் பார்க்க வழியே இல்லை. அவரோடு மோதி மோதித்தான் இந்தக் குரல் இப்படி ஆயிற்றா, அல்லது இந்தக் குரல் எதிரில் நின்றதால் அவர் அங்கே போனாரா என்று எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. இருவரையும் மைக் இல்லாமல் கேட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டில் அம்முச்சிதான். கண் மங்கிவிட்டது, காது நன்றாக இருந்தது. கேசட்டைப் போட்டேன். ஒரு பக்கம் முழுவதும் கேட்டாள்.

“நல்லாத்தான் பாடறான். ஆனா கடைசி வண்டிக்கு அவ குரல்தான் வந்துச்சு.”

இந்த அம்முச்சி கொடுமுடிக்காரி. செங்கோட்டையில் வண்டியில் உட்கார்ந்து கேட்ட கிழவிகளைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.